பத்து கிலோவுக்குக் கீழே

வண்டி எடை மேடை மேலயே நிக்கட்டுமுங்க தம்பி, எடுக்க வேண்டாம். கரண்டு ரெண்டு மணிக்குத்தான் வரும். மாசத்துக்கு ஒரு நாள் இந்த லைன்ல நிறுத்திருவாங்க. இன்னைக்குன்னு பாத்து நீங்க வந்து மாட்டிக்கிட்டீங்க. பேட்டரி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் போன மாசம் செத்துப் போச்சு. உள்ள வாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. பாத்து, ஒரு கால் ஆடும். உங்க பாரத்துக்கு... தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க நூத்தி அஞ்சு இருப்பீங்களா? எனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சுரும். இருபத்திரெண்டு வருசமா இந்த ஜன்னல்ல உக்காந்து லாரிக்கு எடை போட்டுட்டு இருக்கறவன். கரண்டு வந்து உங்க வண்டி இறங்கட்டும், உங்களையும் ஒருக்கா ஏத்தி நிக்க வெச்சுப் பாத்துரலாம்.

சிரிக்காதீங்க. நிசமாத்தான் சொல்றேன். என்ற சம்சாரத்தை நான் இந்த மேடை மேலதான் நிக்க வெச்சு எடை போட்டேன். ஆறு மாசம். ஞாயித்துக்கிழமை தவறாம, காலையில ஏழு மணிக்கு. தொண்ணூறுல இருந்தவளை எழுபதுக்குக் கொண்டாந்தேன். எந்த டாக்டர் பண்ணுவாரு சொல்லுங்க பாக்கலாம்?

அவ பேரு கனகமணி. நான் கனகுன்னு கூப்பிடுவேன். கல்யாணம் ஆகி வரும்போது முருங்கைக்காயாட்டம் இருந்தா. அப்புறம் ஒரு பொண்ணு பொறந்துச்சு, வயசும் ஏறுச்சு. நாப்பத்தெட்டு வயசுல முழங்கால் வலி, சர்க்கரை வேற. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாது. செவுத்தைப் புடிச்சுட்டுத்தான் வாசப்படி இறங்குவா. நான் அதைப் பத்திக் குத்தமா ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. கேலி பண்ணுவேன், அது வேற. அதா தெரியுதில்ல, பின்னாடி பச்சைக் கதவு, அதுதான் நம்ம வீடு. அங்கிருந்து மேடை வழியா எனக்கு டீ கொண்டாருவா. ‘கனகு, ஓரமா வா, ஓவர்லோடுன்னு கேஸ் போட்டுருவாங்க’ன்னு டிரைவருங்க முன்னாடி சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. சிரிக்கத்தான் செஞ்சா.

போன தை மாசம் எங்க பொண்ணு சௌமியா போன் பண்ணுச்சு. பெருந்துறையில கட்டிக் குடுத்திருக்கோம். நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் முழுகாம இருக்குது. இவ போனைக் கையில புடிச்சுட்டு அழுகறா, சிரிக்கறா, மறுபடி அழுகறா. அன்னைக்கெல்லாம் ஒரே பேச்சு. கொழந்தைக்கு நான்தான் தண்ணி வாக்கோணும், நான்தான் தண்ணி வாக்கோணும்.

எங்க பக்கம் அப்படிங்க. தலைப் பிரசவம் பொறந்த வீட்டுலதான். பொண்ணோட அம்மா கீழ பலகை போட்டு உக்காந்து, ரெண்டு காலையும் நீட்டி, அந்தக் கால் மேல கொழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேச்சுச் சுடுதண்ணி வாக்கோணும். தெனமும், மூணு மாசத்துக்கு. பாக்கறதுக்கு ஒண்ணுமில்லாத வேலைதான். ஆனா அதுக்குக் கீழ உக்காரோணும் பாருங்க. உக்காந்தா எந்திரிக்கோணும். கையில ஈரக் கொழந்தையோட எந்திரிக்கோணும். அவளால முடியாது. அதுதான் அவளுக்கு வந்த வெசனம்.

ஆஸ்பத்திரிக்கு அவளேதான் போனா, நான் அனுப்பலை. டாக்டரம்மா எடை பாத்தாங்களாம், தொண்ணூத்திரெண்டு. ‘பத்து கிலோ குறைஞ்சாப் போதும், உங்க முழங்கால் உங்க பேச்சைக் கேக்கும்’னு சொன்னாங்களாம். சரி, எப்படிக் குறைக்கறதுன்னு கேட்டா, ஒரு காகிதத்துல தட்டமாட்டம் வட்டம் போட்டுக் குடுத்திருக்காங்க. பாதித் தட்டம் காயி, கீரை. கால் தட்டம் சோறு இல்லாட்டிக் களி. இன்னொரு கால் தட்டம் பருப்பு, பயறு, முட்டை. மூணு நேரமும் திங்கோணும், ஒரு நேரம் கூட விடக்கூடாது. சர்க்கரை மாத்திரை போட்டா அரை மணி நேரத்துல சாப்பிட்டே ஆகோணும். காலையில நடக்கோணும். மாசத்துக்கு ரெண்டு கிலோ எறங்கினாப் போதும், அதுக்கு மேல எறங்கினா என்கிட்ட வந்து காட்டுங்கன்னாங்களாம். வேடிக்கையைப் பாருங்க தம்பி. எடையைக் குறைக்கப் போனவகிட்ட, குறைஞ்சா வந்து காட்டுன்னு சொல்ற டாக்டரு!

அவ அந்தக் காகிதத்தை அடுப்படிச் செவுத்துல சோத்துப் பசை வெச்சு ஒட்டிட்டா. பக்கத்து வீட்டுல பாப்பாத்தின்னு ஒரு பொம்பளை, கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கப் போகும். ரெண்டு பேரும் விடியால ஏரிக்கரை வரைக்கும் நடப்பாங்க. நடப்பாங்கன்னா, பேசிக்கிட்டே நடப்பாங்க. பேசறதுக்காக நடக்கறதா நடக்கறதுக்காகப் பேசறதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சனிக்கிழமை சந்தையில ஒரு போண்டா வாங்கி ஆளுக்குப் பாதி. எனக்கு வந்துச்சே கோவம்!

“எடையைக் குறைக்கறவளுக்குப் போண்டா எதுக்கு?”

“டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டனுங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஆசைக்குத் தின்னுக்கலாமாம். வெறுத்துப் போச்சுன்னா விட்டுருவோம், அதுக்குத்தான்னாங்க.”

வாயைத் தொறந்தா டாக்டரம்மா. நான் புருசன், இங்க உக்காந்திருக்கறேன். ஊர்ல இருக்கற லாரி எல்லாம் எத்தனை எடைன்னு என்கிட்டத்தான் வந்து கேக்குது. இவ எடையை எவளோ சொல்றா.

அதான் ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டியாந்து மேடையில ஏத்தினேன். ‘வெக்கமா இருக்குதுங்க, டிரைவருங்க எல்லாம் பாக்கறாங்க’ன்னா. பாத்தா என்ன? நாலு பேர் பாத்தாத்தான் ரோசம் வரும். ரோசம் வந்தாத்தான் குறையும். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். நடு மேடையில கையைக் கட்டிக்கிட்டு நின்னா. தொண்ணூறுன்னு காட்டுச்சு. ஆஸ்பத்திரியில தொண்ணூத்திரெண்டுன்னாங்களே, அங்கயே ரெண்டு கிலோ தப்புப் பாருங்க.

இந்த மேடையைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அறுபது டன் மேடை. இது பத்து பத்தாத்தான் காட்டும். எண்பது, தொண்ணூறு, நூறு. நடுவுல எண்பத்தாறு, எண்பத்தேழுன்னு எல்லாம் பேசாது. எது பக்கமோ அந்தப் பத்தைக் காட்டிரும். பத்து கிலோவுக்குக் கீழ எல்லாம் எங்க தொழில்ல தூசிங்க. டயர்ல ஒட்டின சேறு அத்தனை இருக்கும். அதைப் போய் எவனாச்சும் கணக்குல எடுப்பானா?

மாசி முடிஞ்சுது. தொண்ணூறு. பங்குனி முடிஞ்சுது. தொண்ணூறு. சித்திரையில ஏத்தினேன். தொண்ணூறு. இவ என்னடான்னா மேடையை விட்டுச் சிரிச்சுக்கிட்டே எறங்கறா. “ஆஸ்பத்திரியில எண்பத்தேழுங்க. அஞ்சு கிலோ போயிருச்சு. சேலையில ஒரு கொசுவம் சேத்து வருது பாருங்க. செவுத்தைப் புடிக்காம வாசப்படி எறங்கறேன், நீங்க பாக்கவே இல்லையா?”

பாத்தேன். பாக்காம என்ன? எறங்கத்தான் செஞ்சா. அடுப்படியில ஒரு நாள் கீழ உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. பாப்பாத்தி, ‘எங்க எந்திரிங்க பாக்கலாம்’னுது. இவ தரையில கையை ஊனி எந்திரிச்சு நின்னா. ரெண்டு பேரும் சின்னப் புள்ளைகளாட்டம் கை தட்டிச் சிரிச்சாங்க. அதெல்லாம் நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மேடை தொண்ணூறுங்குதே! வருசா வருசம் அதிகாரி வந்து சோதிச்சு முத்திரை குத்திட்டுப் போற மேடை. அது பொய் சொல்லுமா, இவ சேலைக் கொசுவம் பொய் சொல்லுமா?

சித்திரையில மாப்பிள்ளை வந்திருந்தாரு. அவரு படிச்சவரு, கம்பெனியில சூப்பர்வைசர். மிஷின்ல அடிச்சிருக்கற தகட்டைப் படிச்சுட்டு, “மாமா, குறைஞ்சது இருநூறு கிலோன்னு போட்டிருக்குதே. அதுக்குக் கீழ போட்டா இதை நம்பக்கூடாதுங்களே” அப்படின்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்ற மேடையில நின்னுக்கிட்டு என்ற மேடையையே. மாப்பிள்ளையாச்சேன்னு விட்டேன். வேற ஆளா இருந்தாக் கேட்டிருப்பேன்.

அவரு போனதும் அடுப்படிக்குப் போயி அந்த வட்டப் படத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். இங்க பாரு கனகு, இன்னைக்கு இருந்து நான் சொல்றபடிதான். வண்டி எடை குறையோணும்னா என்ன செய்யறோம்? லோடை எறக்கறோம். மேல மேல ஏத்திக்கிட்டே எடை குறையலைன்னா எவன் கேப்பான்? காலையில கொள்ளுக் கஞ்சி ஒரு டம்ளர். சாயந்திரம் மோர் ஒரு டம்ளர். நடை ரெண்டு வேளை. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

“மெதுவாத்தானுங்க போகோணும். ஆவணிக்குத்தானே பிரசவம். இன்னும் அஞ்சு கிலோ, நாள் இருக்குது. மாத்திரை வேற போடறனில்ல?”

“மெதுவாப் போயி மெதுவாப் போயி மூணு மாசமாத் தொண்ணூறுலயே நிக்கறே. பேரனுக்கு நீ தண்ணி வாக்கோணுமா வேண்டாமா?”

அந்தப் பேச்சை எடுத்தா அவ மறுத்துப் பேச மாட்டா. எனக்குத் தெரியும்.

இப்பக் கேளுங்க. அடுத்து வந்த ஞாயித்துக்கிழமை மேடையில ஏத்தினேன். எண்பது! ஒரே வாரத்துல பத்து கிலோ! நான் ஜன்னல்ல இருந்து ‘எண்பது’ன்னு கத்தின கத்துல, அங்க டயர் மாத்திக்கிட்டு இருந்தவன் எந்திரிச்சுட்டான். கடைக்கு ஆள் விட்டு ஜிலேபி வாங்கியாந்து எல்லாருக்கும் குடுத்தேன். அவளுக்குத் தரலை, அவளுக்கு எப்படித் தர முடியும்? அவ என்னடான்னா ஜிலேபியையே பாத்துக்கிட்டு நின்னுட்டு மெதுவாச் சொல்றா, “எண்பத்தஞ்சுக்குக் கீழ எறங்கியிருப்பேனுங்க. அதான் இது எண்பதுன்னு காட்டுது. பத்தெல்லாம் போகலீங்க.” சந்தோசப்படத் தெரியாத பொறப்புங்க சிலது.

அந்த ஒரு எண்பதுதான் என்னை ஏமாத்திருச்சு. மறுவாரமும் எண்பது. அதுக்கு மறுவாரமும் எண்பது. நாலு வாரம் எண்பதுலயே நிக்குது. ஒரு வாரத்துல பத்து எறங்கினது நாலு வாரத்துல ஒண்ணுமே எறங்கலைன்னா என்ன அர்த்தம்? எவனுக்குன்னாலும் சந்தேகம் வருமா வராதா? களவாத் திங்கறான்னு அர்த்தம். சாமான் ரூமைப் பூட்டிச் சாவியை என்ற இடுப்புல சொருகிக்கிட்டேன். காலையில சமைச்சு வெச்சுட்டு அவ வெளிய வந்துரோணும். எனக்கு நானே போட்டுத் தின்னுக்குவேன். அவளைக் கண்ணு முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டுத் திங்கறது பாவமில்லையா, அதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை மேடைக்கு வரும்போது பாத்தேன், முந்தானை நுனியில முடிச்சு. அவுருன்னேன். அவுக்க மாட்டேங்கறா. நானே அவுத்தேன். ஒரு அவிச்ச முட்டை. பாப்பாத்தி குடுத்திருக்குது. டிரைவருங்க நாலு பேர், டீக்கடைக்காரர், அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. “இதுக்குத்தான் எண்பதுலயே நிக்கறியா? பேரன் பேரைச் சொல்லிக்கிட்டு ஊரை ஏமாத்தறியா?”ன்னு கேட்டேன். நான் கேட்டது தப்பாங்க? திருடிட்டு வந்தா யாரா இருந்தாலும் கேக்கத்தானே செய்வாங்க. அவ ஒண்ணே ஒண்ணு சொன்னா.

“அந்தப் படத்துல முட்டை இருந்துச்சுங்க.”

அந்த முட்டையை அந்தக் குப்பைமேட்டுல வீசிட்டேன். பாப்பாத்தியை வாசல்ல ஏறக் கூடாதுன்னுட்டேன். அன்னையில இருந்து பாருங்க, நான் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை. கனகு தானாத் திருந்திட்டா. கஞ்சியில பாதிதான் குடிப்பா. அப்புறம் அதுவும் வேண்டாம்னுட்டா. மாத்திரையை மட்டும் மறக்காமப் போடுவா, அது டாக்டரம்மா சொன்னது. நானும் பரவால்லையே, ரோசம் வந்திருச்சுன்னு நினைச்சேன். ஆளும் குறைஞ்சுதான் போனா. தோள்பட்டை எலும்பு தெரிஞ்சுது. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. ராத்திரி கால் நரம்பு இழுக்குதும்பா. எல்லாம் கொழுப்புக் கரையறதுதான்னேன். நடைக்குப் போறதையும் விட்டுட்டா. பாப்பாத்தி இல்லாம யாரோட போவா? நான் வேலையில இருக்கறனில்ல.

ஆனி மாசம், நாலாவது ஞாயிறு. சௌமியாவுக்கு ஏழு மாசம் ஆகி வளைகாப்பு முடிஞ்சிருந்துச்சு. மேடைக்கு வந்தா. ஏறும்போதே கொஞ்சம் தடுமாற்றம். ‘வேர்க்குதுங்க’ன்னா. காலங்காத்தால காத்தடிக்குது, என்ன வேர்வைன்னேன். நடுவுல போயி நின்னா. நான் உள்ள வந்து இதே சேர்ல உக்காந்து ஸ்கிரீனைப் பாத்தேன்.

எழுபது.

தம்பி, அந்த எழுபதைப் பாத்த சந்தோசம் எனக்கு என்ற பொண்ணு பொறந்தப்பக் கூட வந்ததில்லைங்க. ‘கனகு, எழுபது! எழுபதுடீ!’ன்னு கத்தினேன். கத்திக்கிட்டு இருக்கும்போதே ஸ்கிரீன்ல பூஜ்யம். என்னடா இது, மிஷின்ல கோளாறான்னு பக்கவாட்டுல தட்டினேன். மறுபடியும் பூஜ்யம். ஒயரைப் புடுங்கிச் சொருகினேன். அப்புறந்தான் வெளிய டீக்கடைக்காரர் சத்தம் போடறது கேட்டுச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா மேடையில ஆளில்லை. அந்த ஓரத்துல சிமெண்டு மேல கெடக்கறா.

நான் மிஷினைத் தட்டிக்கிட்டு இருந்தேன். அவ கீழ கெடந்தா. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியலை, நீங்க போயிருவீங்க இல்ல, அதான் போலிருக்குது.

சர்க்கரை முப்பத்தெட்டாம். மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட இருந்தா அப்படித்தான் எறங்குமாம். இடுப்பெலும்பு ஒடைஞ்சு போச்சு. கம்பி வெச்சாங்க. அந்த டாக்டரம்மா வந்து பாத்தாங்க. படுக்க வெச்சே எடை பாத்தாங்க, எழுபத்தொண்ணு. நல்ல வார்த்தை ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு பாத்தேன். “எண்பத்தேழுல எவ்வளவு நல்லா இருந்தாங்க. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா அவங்களே எறங்கி வந்திருப்பாங்களே”ன்னாங்க. கொழுப்பு மட்டும் போகலையாம், கால்ல இருந்த சதையும் சேந்து போயிருச்சாம். ஒடம்பைக் கால் தாங்கி நிறுத்தறதுக்குச் சதை வேணுமாம். நான் கேட்டேன், “எடை குறையோணும்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க?” அவங்க சீட்டை மூடிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. படிச்சவங்களுக்கு மரியாதை தெரியறதில்லை.

எலும்பு கூடலை. இன்னொருக்கா அறுத்து வெச்சுப் பாக்கலாம்னா ஒடம்பு தாங்காதுன்னுட்டாங்க. மறுபடி நடக்க முடியுமான்னு கேட்டேன். முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் பேசலாம்னாங்க. போன மாசம் கேட்டேன். இனி அதைக் கேக்காதீங்கன்னாங்க.

ஆவணியில பையன் பொறந்தான். இங்க வந்து யாரு பாக்கறது? பெருந்துறையிலயே பிரசவம், அங்கயே சம்பந்தியம்மா தண்ணி வாத்தாங்க. இவ கட்டில்ல படுத்துக்கிட்டு போன்ல கேட்டுக்கிட்டு இருப்பா. கொழந்தை தண்ணியில கத்தற சத்தம் கேக்கும். சௌமியா போனைப் பக்கத்துல வெச்சிருக்கும். முடிஞ்சதும், ‘தலை நல்லாத் தொவட்டுங்கம்மா’ம்பா. அவ்வளவுதான். போனை என் கையில குடுத்துருவா. நான் ‘ஹலோ’ங்கறதுக்குள்ள அந்தப் பக்கம் கட் பண்ணிரும். என்ற பொண்ணு என்கிட்டப் பேசி அஞ்சு மாசம் ஆச்சுங்க.

மூணாம் மாசம் கொழந்தையைக் கூட்டியாந்தாங்க. ‘அம்மா, ஒரே ஒரு நாள், உன்ற கால்ல போட்டுத் தண்ணி வாத்துரு, எனக்கு அது போதும்’னுது சௌமியா. கட்டில் ஓரத்துல சாய்ச்சு உக்கார வெச்சு, எதுக்கால ஒரு பெஞ்சைப் போட்டு, ரெண்டு காலையும் தூக்கி நீட்டி விட்டோம். மாப்பிள்ளை பக்கத்துல நின்னாரு. கொழந்தையைக் கால் மேல வெச்சாங்க. கொழந்தை அஞ்சரைக் கிலோ. அவ கால் ரெண்டும் நடுங்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு செம்பு தண்ணி மோந்தா. ஊத்தறதுக்குள்ள கால் விலகிப் போச்சு. மாப்பிள்ளை புடிச்சுட்டாரு, கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அவ மூஞ்சி இருக்குதே தம்பி... அதை நான் பாத்திருக்கக் கூடாது.

“எடுத்துக்கம்மா. சளி புடிச்சுக்கப் போகுது”ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் கொழந்தையை மடியில வாங்கக் கேட்டதே இல்லை.

கனகு இப்ப எத்தனை கிலோ இருக்கறான்னு தெரியலைங்க. நிக்கவே முடியாதவளை எங்க ஏத்தி எடை போடறது? தூக்கிப் படுக்க வைக்கும்போது கைக்குத் தெரியுது. ஐம்பது கூட இருக்காது. டாக்டரம்மா இப்ப எடையைக் கூட்டச் சொல்றாங்க. மறுபடியும் அதே வட்டப் படம் போட்டுக் குடுத்தாங்க. இந்தவாட்டி நானே கொண்டுபோயி ஒட்டினேன், கிழிஞ்சிருக்கற அதே எடத்துல.

அட, நீங்க வேற. மணி ஒண்ணே முக்கால் ஆச்சே, வீடு பக்கத்துலதானே, போயிச் சாப்பிட்டு வாங்கங்கறீங்க. போகலாமுங்க. ஆனா இப்பப் போகக் கூடாது. இப்பத்தான் அவ சாப்பிடற நேரம். பாப்பாத்தி பண்ணையில இருந்து ஒண்ணரைக்கு வந்து ஊட்டி விடும். ஆமாங்க, அதே பாப்பாத்திதான். நானேதான் போயிக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் வந்துச்சு. ஒரு வார்த்தை கேக்கலை.

நான் உள்ள போனேன்னு வெச்சுக்கங்க, கனகு வாயை மூடிக்குவா. வாயில இருக்கறதை மெல்ல மாட்டா, முழுங்க மாட்டா, அப்படியே கன்னத்துல அடக்கி வெச்சுக்கிட்டு நான் வெளிய போற வரைக்கும் செவுத்தைப் பாத்துக்கிட்டு இருப்பா. புருசன் முன்னாடி திங்கக் கூடாதுன்னு ஒரு மரியாதை. அந்தக் காலத்து வளர்ப்புங்க, அப்படித்தான் இருப்பாங்க. நானும் சொல்லிப் பாத்தேன். தின்னு கனகு, போண்டா வேணுமா, ஜிலேபி வேணுமா, என்ன வேணாலும் தின்னு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு அவ காலைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அறிவு கெட்டவனாட்டம் அழுதேன். “பசிக்கலீங்க”ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக் கூடத் தேவலை. சாதாரணமாச் சொன்னா, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி.

அதனால அவ சாப்பிடற நேரம் நான் இங்கயே உக்காந்துக்கறது. நாப்பது நாளா இப்படித்தான். மூணு வேளையும்.

அதா, பாப்பாத்தி வருது. தட்டத்தைக் கழுவிக் கையில எடுத்துட்டு வருது பாருங்க, எனக்குக் காட்டறதுக்கு. என்ன பாப்பாத்தி, சாப்பிட்டாளா?

“நல்லாச் சாப்பிட்டாங்கண்ணா. முழுத் தட்டமும் காலி. நீங்க போயிச் சாப்பிடுங்க.”

சந்தோசம் பாப்பாத்தி, போயிட்டு வா. கேட்டீங்களா தம்பி? முழுத் தட்டமுமாம். தெனமும் இதேதான் சொல்லும். நானும் தெனமும் சந்தோசம்னுதான் சொல்லுவேன். வீட்டுக்குப் பின்னாடி நாலு நாட்டுக்கோழி நிக்குது, அதுங்களுக்கு நான் தீனி போடறதே இல்லை. வாரத்துக்கு வாரம் என்னமாக் கொழுத்துட்டு வருதுங்கறீங்க! பாப்பாத்திகிட்ட நான் ஒண்ணும் கேக்கறதில்லைங்க.